மலாக்காவின் 'சிட்டி': ஒரு குடும்பப் பெயர் வந்த வழி

மாணவர்களே, உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். தமிழ் மாணவர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். முதலில் மாணவரின் பெயர், நடுவில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', அதற்குப் பின் அப்பாவின் பெயர். 'அனாக் லெலாக்கி' என்றால் மகன். 'அனாக் பெரெம்புவான்' என்றால் மகள். அவ்வளவுதான். தாத்தாவின் பெயருக்கு அதில் இடம் கிடையாது. உங்களுக்கு நாளை ஒரு பிள்ளை பிறந்தால், இன்று அங்கே இருக்கும் அப்பாவின் பெயரும் பட்டியலைவிட்டு இறங்கிவிடும்.

ஆனால் மலாக்கா நகரத்தில், காஜா பேராங் சாலையை ஒட்டிய கம்போங் சிட்டியில் வேறொரு வழக்கத்தைக் காணலாம். அங்கு வேரூன்றிய மலாக்கா செட்டி சமூகத்தில் சிட்டி, பிள்ளை, நாயக்கர், ராஜா, முதலியார் போன்ற ஒரு சொல் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் மாறாமல் இறங்கி வருகிறது. மலேசியத் தமிழர்களிடையே இது அபூர்வம். இதைத்தான் குடும்பப் பெயர் என்கிறோம்.

இவற்றில் 'சிட்டி' என்ற ஒரு பெயரை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வந்தது? உலகில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது? அது நாளைக்கும் இருக்குமா? இவை வரலாற்றுப் பாடத்துக் கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் விடை தேடும்போது மரபியலும் நிகழ்தகவும் இல்லாமல் நகர முடியாது என்பதைப் பார்ப்பீர்கள்.

பெயரிடுவதில் இரண்டு முறைகள்

உலகில் மனிதர்கள் பெயர் வைத்துக்கொள்ளும் முறைகளில் இரண்டு மிகப் பரவலானவை. முதலாவது, தந்தை பெயர் முறை. நம்முடைய 'ஏ/எல்', மலாய்க்காரர்களின் 'பின்', 'பிந்தி', தமிழ்நாட்டில் பெயருக்கு முன் போடும் முதலெழுத்து எல்லாம் இந்த வகை. ஐரோப்பாவின் வடக்கே உள்ள ஐஸ்லாந்து நாட்டிலும் இதே முறைதான். அங்கே அப்பாவின் பெயரோடு மகனுக்கு 'சொன்' என்றும், மகளுக்கு 'டோட்டிர்' என்றும் சேர்ப்பார்கள். பொருள் பார்த்தால் அது நம் 'ஏ/எல்', 'ஏ/பி' தான்.

இரண்டாவது, குடும்பப் பெயர் முறை. சீன நண்பர்களின் 'டான்', 'லிம்', 'வோங்' போன்றவற்றை நீங்கள் அறிவீர்கள். பல நாடுகளில் குடும்பப் பெயர் தானாக வளர்ந்தது. சில நாடுகளில் அரசாங்கம் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. ஜப்பானில் 1875-லும், துருக்கியில் 1934-லும் எல்லாக் குடிமக்களும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது.

நம் முன்னோர்களிடமும் பெயரைத் தலைமுறை கடத்தும் வழி ஒன்று இருந்தது. 'பேரன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அது 'பெயரன்' என்பதன் சுருக்கம். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். 'பேத்தி' என்பதும் 'பெயர்த்தி' தான். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பி வந்தது. அந்தப் பழக்கம் குறைந்தபின், நம் பெயர்களின் நினைவு இரண்டு தலைமுறைக்குள் சுருங்கிவிட்டது.

மலாக்காவில் 'சிட்டி' எப்படி வந்தது?

மலாக்கா அரசு ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் தோன்றியது. சில பத்தாண்டுகளிலேயே அது ஆசியாவின் பெரிய துறைமுகங்களில் ஒன்றானது. சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்கள் துணி மூட்டைகளோடு வந்தார்கள். திரும்பும்போது நறுமணப் பொருள்களை ஏற்றிச் சென்றார்கள். அந்தக் காலக் கப்பலுக்கு இயந்திரம் இல்லை, பருவக்காற்றுதான் இயந்திரம். காற்று திசை மாறும் வரை மாதக்கணக்கில் மலாக்காவில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கினார்கள். மலாய், ஜாவா, பாத்தாக், சீனப் பெண்களை மணந்து குடும்பம் ஆனார்கள். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களே மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய் பேசுவார்கள். சைவ வழிபாட்டை விடாமல் காத்துவருகிறார்கள்.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். அப்போது அவர்களுக்குத் துணையாக இருந்த தமிழ் வணிகத் தலைவர் ஒருவரை அவர்கள் தங்கள் ஏடுகளில் 'நினா சத்து' என்று குறித்திருக்கிறார்கள். அவருக்கு பெண்டஹாரா பதவியும் கொடுத்தார்கள். 1641-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கொடுத்த நிலத்தில், செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781-இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் இன்றும் ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கிறது. 1824-இல் மலாக்கா ஆங்கிலேயர் வசம் சென்றது.

இப்படி ஆட்சியாளர்கள் மாற மாற, எழுதும் கையும் மாறியது. தமிழில் 'செட்டி' என்று ஒலித்ததை ஒவ்வொரு எழுத்தரும் தம் காதில் விழுந்தபடி, தம் மொழியின் எழுத்துக் கணக்குப்படி எழுதினார். 'செ' என்ற குறில் ஒருவர் காதில் 'சி' போல விழுந்தது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிலர் 'ஈ' எழுத்தைப் போட்டார்கள், சிலர் 'ஐ' எழுத்தைப் போட்டார்கள். 'ஐ' போட்டு எழுதிய வடிவம்தான் 'சிட்டி'. ஒரு முறை பத்திரத்தில் ஏறியபின் அந்த எழுத்து அப்படியே பிள்ளைகளுக்கும் இறங்கியது.

இதை அறிவியல் மாணவராக யோசித்துப் பாருங்கள். டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது எங்கோ ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குக் கடத்தப்படுகிறது. அதைத் திடீர்மாற்றம் என்கிறோம். பதிவேட்டில் 'செ' என்பது 'சி' ஆனதும் ஏறக்குறைய அதே கதைதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செட்டி, பிள்ளை, முதலியார், நாயக்கர் என்பவை தமிழகத்தில் சாதிப் பட்டங்களாக வழங்கியவை. சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அதன்பின் தமிழகத்தில் பலர் அவற்றைக் கைவிட்டார்கள். மலாக்காவில் நடந்தது வேறு. பல இனங்களோடு கலந்து வாழ்ந்த ஒரு சிறிய சமூகத்தில் சாதிப் பிரிவு நிலைக்கவில்லை. பட்டம் மட்டும் குடும்பப் பெயராக எஞ்சியது. சொல் ஒன்றுதான், இரண்டு இடங்களில் அது செய்யும் வேலை வேறு.

சொல்லுக்கும் ஒரு குடும்ப மரம்

'செட்டி' என்ற சொல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அதைச் சமஸ்கிருதத்தின் 'சிரேஷ்டின்' என்ற சொல்லோடும், பாலி, பிராகிருத மொழிகளில் வணிகத் தலைவரைக் குறிக்கும் 'செட்டி' என்ற சொல்லோடும் மொழியாய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். அந்த அடிமரத்திலிருந்து பல கிளைகள் பிரிந்தன. வடக்கே அது 'சேட்' ஆனது. நாம் 'சேட்டு' என்கிறோமே, அதுதான். கர்நாடகக் கரையில் 'ஷெட்டி' ஆனது. தமிழில் 'செட்டி', மரியாதை விகுதி சேர்ந்து 'செட்டியார்' ஆனது. சிங்களத்தில் பழைய 'ச' ஒலி பல சொற்களில் 'ஹ' ஆக மாறும். அதனால் அங்கே 'ஹெட்டி' ஆனது. இலங்கைக் கிரிக்கெட் செய்திகளில் 'ஹெட்டியாராச்சி' போன்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். போர்த்துகீசியர் 'சத்திம்' என்று எடுத்துக்கொண்டு, வணிகன் என்ற பொதுப்பொருளில் வழங்கினார்கள். மலாய் மொழியில் 'செத்தி' ஆனது.

இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள உறவு, மனிதனின் கைக்கும் வௌவாலின் இறக்கைக்கும் உள்ள உறவைப் போன்றது. பார்வைக்கு வேறு வேறு. ஆனால் எலும்புகளை எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று தெரியும். உயிரியலில் இதை ஒத்த மூல உறுப்புகள் என்கிறோம்.

இப்போது ஒரு புதிர். இங்கிலாந்திலும் 'சிட்டி' என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் மலாக்காச் 'சிட்டி'யும் அந்தச் 'சிட்டி'யும் அச்சு அசல் ஒன்றே. ஜோசப் சிட்டி (1775-1841) அங்கே புகழ்பெற்ற சட்ட நூலாசிரியர். அவருடைய குடும்பத்தில் தொடங்கிய ஒப்பந்தச் சட்ட நூல் இன்றும் 'சிட்டி' என்ற பெயரிலேயே வழக்கறிஞர்களின் மேசையில் இருக்கிறது. அப்படியானால் அவருடைய முன்னோர் மலாக்காவிலிருந்து போனவர்களா?

இல்லை. ஆங்கிலச் 'சிட்டி'க்கு வேறு வேர். கென்ட் மாவட்டத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூர் உள்ளது; அந்த ஊரின் பெயரால் சிலர் அழைக்கப்பட்டார்கள். விலங்குக் குட்டியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து பட்டப்பெயராகவும் அது வந்திருக்கிறது. தமிழ் வணிகர்களோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இது வௌவாலின் இறக்கையையும் தட்டானின் இறக்கையையும் ஒப்பிடுவது போல. இரண்டும் பறக்கின்றன, ஆனால் மூலம் வேறு. ஆகவே பாடம் இதுதான்: எழுத்து ஒன்றாக இருப்பதால் உறவு ஒன்றாகிவிடாது, எழுத்து வேறாக இருப்பதால் உறவு இல்லாமலும் போய்விடாது. 'சிட்டி'யும் 'ஹெட்டி'யும் உறவு. மலாக்காச் 'சிட்டி'யும் கென்ட் 'சிட்டி'யும் உறவில்லை.

உலக வரைபடத்தில் வைத்துப் பார்ப்போம்

இந்தப் பெயரின் பரவலைப் பார்த்தால், தமிழர்கள் கடல் கடந்த வழிகளே தெரியும்.

மலாக்காவுக்குத் தெற்கே சிங்கப்பூர். மலாக்கா செட்டிகள் பலர் வேலை தேடி அங்கே குடியேறினார்கள். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் 'சிட்டி ரோடு' என்ற தெருவே இருக்கிறது. அங்குள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018-இல் மலாக்கா செட்டிகளைப் பற்றித் தனிக் கண்காட்சி நடத்தியது.

மேற்கே இலங்கை. அங்கே கொழும்புச் செட்டிகள் என்ற சமூகம் இருக்கிறது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து 1859-இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் (1807-1860) பெயரையும் 'ஐ' எழுத்துப் போட்டே எழுதினார்கள். மலாக்காவில் நடந்த அதே எழுத்து மாற்றம் கடலுக்கு அப்பால் தனியாகவும் நடந்திருக்கிறது.

இன்னும் மேற்கே தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அங்கே போனவர்களின் பெயர்கள் காலப்போக்கில் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. நாயுடு 'நாயுடூ' ஆனது. முதலி 'மூட்லி' ஆனது. செட்டி 'செட்டி'யாகவே நின்றது. அதே காலத்தில் அதே ஊர்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் தந்தை பெயர் முறையிலேயே தொடர்ந்தார்கள். ஆட்கள் ஒன்று, அவர்களைப் பதிந்த அலுவலகம் வேறு. குடும்பப் பெயர் இருப்பதும் இல்லாததும் பல நேரங்களில் ஒரு பதிவேட்டின் கட்டங்களைப் பொறுத்த விஷயம்!

மலாக்காவிலேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஆங்கிலேயர் காலத்தில், முக்கியமாக 19-ஆம் நூற்றாண்டில், கடன் கொடுக்கும் தொழிலோடு மலாயாவுக்கு வந்தவர்கள். மலாய் மொழியில் 'செத்தி' என்றால் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் என்ற பொருள் அவர்களை ஒட்டியே நிலைத்தது. மலாக்கா செட்டிகள் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர்கள். பெயர் ஒன்றானாலும் இரண்டும் தனித்தனிக் குடியேற்றங்கள். ஆயினும் இரு தரப்பும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. நான் மேலே சொன்ன பொய்யாத விநாயகர் ஆலயத்தின் நிர்வாகத்தை மலாக்கா செட்டிகள் 20-ஆம் நூற்றாண்டில் நகரத்தாரிடம் ஒப்படைத்தார்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போகும் வெள்ளி ரதம் புறப்படுவது அந்த ஆலயத்திலிருந்துதான்.

பெயரும் 'ஒய்' குரோமோசோமும்

நான்காம் படிவத்து மரபியல் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆணிடம் எக்ஸ், ஒய் என இரண்டு பாலினக் குரோமோசோம்கள் உண்டு. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். குடும்பப் பெயரும் பெரும்பாலான சமூகங்களில் அதே பாதையில்தான் போகிறது. அப்படியென்றால் ஒரே குடும்பப் பெயர் உள்ள ஆண்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருக்க வேண்டுமே?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மரபியலாளர் பிரையன் சைக்ஸ் இதைத் தம்முடைய பெயரை வைத்தே சோதித்தார். இங்கிலாந்தில் 'சைக்ஸ்' என்ற பெயர் கொண்ட, தமக்கு நெருங்கிய உறவில்லாத 48 ஆண்களின் மாதிரிகளைச் சேகரித்தார். 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். 21 பேரிடம், அதாவது ஏறக்குறைய பாதிப் பேரிடம், ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மனிதரின் வழியில் அவர்கள் வந்திருக்கலாம் என்பதற்கு அது வலுவான சான்று.

மற்றப் பாதிப் பேர்? தத்துப் பிள்ளைகள், அம்மா வழியில் பெயர் பெற்றவர்கள், வேறு காரணங்களால் பெயரை ஏற்றவர்கள் என்று பல வழிகள் உண்டு. பெயர் ஓர் ஆவணம்தான், ஆனால் டி.என்.ஏ. அன்று.

'செட்டி'க்கு இந்தச் சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? 'சைக்ஸ்' போல ஒரே மூதாதை கிடைப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். செட்டி என்பது தொழில் வழிவந்த பெயர். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வணிகர்கள் அந்தப் பட்டத்தைத் தாங்கினார்கள். ஆகவே இரண்டு பேருக்குச் 'செட்டி' என்ற பெயர் இருப்பதால் அவர்கள் இரத்த உறவு என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலத்தில் 'ஸ்மித்' என்ற பெயர் உள்ளவர்கள் எல்லாம் உறவினர் அல்லர். அவர்கள் முன்னோர்கள் எல்லாம் கொல்லர்கள், அவ்வளவே.

பெயர்கள் ஏன் மறைகின்றன?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஒரு குடும்பப் பெயர் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்?

இங்கிலாந்து அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் 1873-இல் இந்தக் கேள்வியை ஒரு கல்வி இதழில் கணக்குப் புதிராக வெளியிட்டார். புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் அடுத்தடுத்து மறைந்து போனதை அக்காலத்தில் பலர் கவனித்தார்கள். பெரிய குடும்பங்களின் இரத்தம் பலவீனமாகிவிட்டது என்று சிலர் கூறினார்கள். அது வெறும் தற்செயலாக இருக்கலாமே என்று கால்டன் ஐயப்பட்டார். கணித அறிஞரான ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் அதற்கு விடை தேடினார். 1874-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள். இன்றும் இந்தக் கணக்குக்குக் கால்டன்-வாட்சன் முறை என்றே பெயர்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு 20 சென் நாணயங்கள் போதும்.

1. 16 நண்பர்கள் சேருங்கள். ஒவ்வொருவரும் ஒரு கற்பனைக் குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் தொடக்கத்தில் ஓர் ஆண் மட்டும் இருக்கிறார்.
2. அவருக்காக இரண்டு நாணயங்களையும் சுண்டுங்கள். 'பூ' விழுந்த எண்ணிக்கைதான் அவருடைய மகன்களின் எண்ணிக்கை: 0, 1 அல்லது 2.
3. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மகனுக்காகவும் தனித்தனியே சுண்டுங்கள்.
4. ஒரு பெயருக்கு மகன்களே இல்லாமல் போனால் அந்தப் பெயர் மறைந்தது. அவர் ஆட்டத்தைவிட்டு விலக வேண்டும்.

ஒருவருக்குச் சராசரியாக ஒரு மகன். ஆகவே மொத்த மக்கள்தொகை சராசரியில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் பெயர்களைப் பாருங்கள். முதல் சுற்றிலேயே சுமார் 4 பெயர்கள் போய்விடும். மூன்றாம் சுற்று முடியும்போது ஏறக்குறைய 8 பெயர்கள், அதாவது பாதி, போயிருக்கும். உங்கள் முடிவு இரண்டு மூன்று கூடலாம், குறையலாம், நிகழ்தகவு அப்படித்தான்.

கணக்கை இன்னும் நீட்டினால், 100 பெயர்களில் 5 தலைமுறையில் 60 பெயர்கள் மறையும். 10 தலைமுறையில் 74 மறையும். யாரும் நாட்டைவிட்டுப் போகவில்லை. போர் இல்லை, நோய் இல்லை. வெறும் தற்செயல்! பொய்யாத விநாயகர் ஆலயம் கட்டப்பட்ட 1781-லிருந்து இன்றுவரை, ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று வைத்தால், ஏறக்குறைய 10 தலைமுறைகள். ஒரு சிறிய சமூகத்தில் பெயர்கள் சுருங்கி ஒரு கைவிரல் கணக்குக்குள் வருவதில் வியப்பில்லை என்பது இப்போது புரியும்.

இதே கணக்கைக் கோவிட் காலத்தில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றுவார் என்பதை 'ஆர்' எண் என்றார்கள். அது 1-க்குக் கீழே இருந்தால் தொற்று அணைந்துவிடும் என்று தினமும் செய்தியில் சொன்னார்களே, அதுவும் இந்தக் கிளைவிடும் கணக்கே. நோய் மறைவது நல்லது. பெயர் மறைவது அப்படி அல்ல. கணிதத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. நமக்குத் தெரியும்.

நெடுங்காலமாகக் குடும்பப் பெயர் வழங்கும் நாடுகளில் பெயர்கள் குறைவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம். தென் கொரியாவில் ஐந்தில் ஒருவருக்கு 'கிம்' என்று பெயர். அங்கே சமூகக் காரணங்களும் சேர்ந்துகொண்டன. பெரும்பாலானோர் 19-ஆம் நூற்றாண்டில்தான் குடும்பப் பெயர் பெற்ற ஜப்பானிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அங்கே நாணயம் இன்னும் சில சுற்றுகளே சுண்டப்பட்டிருக்கிறது.

பெயர் சொல்லாத கதை

மேலே செய்த விளையாட்டில் ஒன்றைக் கவனித்தீர்களா? மகள்களை நாம் எண்ணவே இல்லை. பெயர் மறைந்த குடும்பத்தில் மூன்று மகள்கள் இருந்திருக்கலாம். அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்திருக்கலாம். குடும்பம் மறையவில்லை, பெயர் மட்டுமே மறைந்தது.

இன்னொரு கணக்கும் போடுங்கள். உங்களுக்குப் பெற்றோர் 2 பேர், தாத்தா பாட்டி 4 பேர், அவர்களின் பெற்றோர் 8 பேர். இப்படியே 10 தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள். உறவுக்குள் திருமணம் நடந்திருந்தால் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வருவார். குடும்பப் பெயர் இந்த 1,024 இடங்களில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

மலாக்கா செட்டிகளின் வீட்டில் பேசும் மலாய், பெண்கள் உடுத்தும் கெபாயா, சமையலறையில் இடிக்கும் சம்பால் பெலாச்சான் எல்லாம் யார் கொடுத்தது? பெரும்பங்கு அம்மாக்களும் பாட்டிகளும் கொடுத்தது. 'சிட்டி' என்ற பெயரில் அவர்கள் யாருமே இல்லை. ஆனால் உடம்பில் இருக்கிறார்கள். செல்லின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே வருகிறது. ஒய் குரோமோசோம் அப்பா வழியைச் சொல்வது போல, அது அம்மா வழியைச் சொல்லும். ஆகவே ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு 'இவர்கள் இன்னார்' என்று முழுமையாகத் தீர்ப்புச் சொல்வது, ஆயிரம் பக்கப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுக் கதை சொல்வது போல.

உங்கள் பெயருக்கு என்ன செய்யலாம்?

குடும்பப் பெயர் இல்லாதது ஒரு குறை அல்ல. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நம் அடையாள அட்டை இரண்டு தலைமுறையோடு நின்றுவிடுகிறது. மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா, டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர் இன்று நகரத்து வீடமைப்புப் பகுதிகளில் இருக்கிறார்கள். பல தோட்டங்களில் பழைய லயன் வீடுகளும் இல்லை. அந்தப் பெயர்ச் சங்கிலியின் அடுத்த கண்ணி ஒரு பதிவேட்டில் இல்லை. ஒரு வயதானவரின் நினைவில் இருக்கிறது. அவர் இருக்கும்போதுதான் கேட்க முடியும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து இப்படிச் செய்யுங்கள்.

• ஐந்து வரிசைகள் போடுங்கள்: நீங்கள், பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத் தாத்தா பாட்டி, அதற்கும் மேலே. அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் எழுதுங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள்.
• ஒவ்வொருவருக்கும் நேராக ஊர், தோட்டம், தெரிந்தால் தோட்டப் பிரிவின் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள்.
• பிறப்புப் பத்திரத்தில் உள்ள எழுத்து, வீட்டில் அழைக்கும் பெயர் இரண்டையும் எழுதுங்கள். எழுத்தர் செய்த 'திடீர்மாற்றம்' அங்கே தெரியும்.
• யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது, அல்லது எந்தப் பத்திரத்தில் பார்த்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவியலில் சான்று இல்லாத தகவலுக்கு மதிப்புக் குறைவு.
• தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். அடையாள அட்டை எண்ணையும் முகவரியையும் யாரிடமும் பகிராதீர்கள். நண்பனின் பெயரைத் தோண்டிச் சாதி கேட்பதற்கு இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தாதீர்கள். அது ஆராய்ச்சி ஆகாது.

அடுத்து மலாக்கா நகருக்குப் போகும்போது கம்போங் சிட்டியில் உள்ள சிறிய அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். போவதற்கு முன் உங்கள் ஐந்து வரிசைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது வரிசையைத் தாண்டியிருந்தால் உங்கள் குடும்பம் நன்றாக நினைவு வைத்திருக்கிறது என்று பொருள். தாண்டவில்லை என்றால், இன்று இரவே பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "பாட்டி, உங்க பாட்டி பேரு என்ன?"